தபால் பையும் ஒரு முழங்காலும்

ஒத்தமரத் தோட்டம்,
வட்டகொடை.
9.10.1961

டாக்டர் அழகையா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று இந்தத் தோட்டத்தில் ஆறு லயத்து வீடுகளுக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் நான். உங்களுக்கு மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். உங்கள் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை.

ஜூலை மாதம் என் இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை பலகை வைத்துக் கட்டினீர்கள். "மூணு மாசம் காலை அசைக்காத ஆண்டியப்பா, மூட்டு தன்னால ஆறிரும்" என்று சொன்னீர்கள். நான் அசைக்கவில்லை. அந்தக் காலைப் பாயில் நீட்டி வைத்துக்கொண்டு கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். என் வீட்டுக்காரி பூரணி கொழுந்து எடுக்கப் போவதற்கு முன்னால் கஞ்சியும் உங்கள் மாத்திரையும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். போன வியாழக்கிழமை பலகையை அவிழ்த்தோம். வீக்கம் இல்லை, உண்மைதான். கால் மடங்கவும் இல்லை. தொடை சூம்பிப்போய்விட்டது. குந்தி உட்கார முடியவில்லை. குந்தி உட்கார முடியாத மனிதன் காலையில் எழுந்ததும் என்ன பாடு படுவான் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள், எழுத வெட்கமாக இருக்கிறது.

இது போதாதென்று, பலகை கட்டிய மறுநாளே தோட்டத்து மேனேஜர் தொரைக்கு, ஆண்டியப்பனால் இனி நடக்க முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆபீஸ் கிளாக்கரையா சொன்னார். பதினாலு வருஷம் நான் சுமந்த தபால் பை இப்போது மூக்கன் தோளில். மூக்கன் நல்லவன்தான், ஆனால் எழுத்துத் தெரியாது. சோலைமலை வீட்டுக்கு வந்த சாவுக் கடிதத்தை நல்லமுத்து வீட்டில் கொடுத்துவிட்டான். அங்கே யாரும் சாகாமலே அரை நாள் அழுதார்கள்.

மார்ச் இருபத்தெட்டு வரைதான் எனக்குத் தவணை. அன்றைக்குத் தோட்டங்களுக்கெல்லாம் மேலான பெரிய டாக்டர் வந்து என் காலைப் பார்ப்பாராம். நான் வட்டகொடை போஸ்ட் ஆபீசுக்கு நடந்துபோய், பதினொரு மணிக்குள் பையோடு தோட்டத்து ஆபீசுக்குத் திரும்பினால் பை எனக்கு. இல்லையென்றால் கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வயதான பொம்பளைகளோடு உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்க வேண்டும். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

இந்தக் கடிதத்தையும் மூக்கன்தான் கொண்டுபோகிறான். என் கடிதத்தை இன்னொருவன் சுமப்பது இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
முன்னாள் தபால்காரன்
ஆண்டியப்பன்


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
உடப்புசல்லாவை.
17.10.1961

ஆண்டியப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதினாலும் உன் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

நான் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன். வீங்கிச் சுடுகிற மூட்டுக்கு ஓய்வும் சாலிசிலேட் மாத்திரையும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீ நடக்க முடியாமல் இருந்தாய், அதைத் தொரைக்கு எழுதினேன். பொய் எழுதவில்லை.

ஆனால் நீ செய்தது என்ன? டிஸ்பென்சரி வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கட்டிய பலகையோடு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, அத்தனை பேர் முன்னால், "பைப்புத் தண்ணிக்குச் சாயம் போட்டு மருந்துன்னு குடுக்குற ஆளு இவரு" என்று கத்தினாய். பதினொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நீ கொண்டுவரும் பத்திரிகையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகப் படித்தவர்கள் நாம். மறுநாள் மருந்து வாங்க வந்தவர்கள் மிக்சர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அந்த இடத்தில் இருக்க மனமில்லாமல் நானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். இங்கே குளிரில் பல் கிட்டுகிறது. டிஸ்பென்சரியை ஒரு மலை முகட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். ரோட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படி. காய்ச்சல்காரர்கள் ஏறி வருவதற்குள் வியர்த்துக் காய்ச்சலே இறங்கிவிடுகிறது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்கிறேன். தை மாதம் ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்து என்னிடம் மாத்திரை வாங்கினாய். மறுநாள் குறுக்குப் பாதையில் பையோடு தண்ணீர் ஓடும் கானைத் தாண்டிக் குதித்து நீ ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். என் மாத்திரைக்கு அவ்வளவு சக்தி கிடையாது, அது எனக்கே தெரியும். நீ என்ன செய்தாய்?

அழகையா


வட்டகொடை
2.11.1961

டாக்டர் ஐயாவுக்கு,

உங்கள் கேள்வியைப் பூரணி படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்தேன். "அதைச் சொல்லாம எப்புடி அவரு மருந்து குடுப்பாரு?" என்றாள். அதனால் எழுதுகிறேன். நானாக எழுதியிருக்க மாட்டேன்.

வட்டகொடையில் போஸ்ட் ஆபீசுக்கு அடுத்த வாசல் ஒரு டாக்டருடையது. காலைத் தபாலைப் பிரித்துக் கட்டும் வரை நான் கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். ஒரு நாள் முழங்கால் பொறுக்க முடியாமல் உள்ளே போனேன். மூட்டுக்குள்ளேயே ஒரு ஊசி போட்டார். ஏதோ கார்ட்டிசோன் என்று பெயர் சொன்னார். ஒரு வாரம் அலைய வேண்டாம் என்றும் சொன்னார். அடுத்த வாசலில் என் பை தயாராக இருக்கும்போது நான் எப்படி அலையாமல் இருப்பது? மறுநாள் காலையில் எழுந்தால் வலி போன இடம் தெரியவில்லை. இருபது வயதுக்காரன் மாதிரி குறுக்குப் பாதையில் இறங்கினேன். நீங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு வலிக்கும்போதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் குத்திக்கொண்டேன். இனிமேல் போதும் என்று டாக்டரே சொன்னார், நான்தான் கெஞ்சினேன். ஐந்து மாதத்தில் ஐந்து ஊசி. கடைசி ஊசி மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கால் வீங்கி உங்களிடம் வந்து விழுந்தேன். உங்களிடம் மறைத்துவிட்டு, உங்கள் மருந்து தண்ணீர் என்று கத்தினேன்.

இப்போது ஏசுவது உங்கள் முறை.

ஆண்டியப்பன்


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
உடப்புசல்லாவை.
20.12.1961

அண்ணே,

உங்களை இப்படிக் கூப்பிட எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. என்னைவிட நீங்கள் மூன்று வயது மூத்தவர். ஸ்டாப் குவார்ட்டஸில் இருப்பவன் லயத்து ஆளை அண்ணன் என்று கூப்பிட்டால் மற்ற ஐயாமார் சிரிப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை நீ என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இனிச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஏசுவது என் முறை என்று எழுதியிருந்தீர்கள். ஏச எனக்கு யோக்கியதை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்களெல்லாம் டாக்டர் என்று கூப்பிடுகிற தோட்டத்து டிஸ்பென்சர்களுக்கென்று கண்டியில் இரண்டு வாரம் ஒரு வகுப்பு நடத்தினார்கள். மூட்டு நோய் பற்றிப் பாடம் எடுத்தவர் ஒரு பெண் டாக்டர். ஆட்டு மூட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிளந்து காட்டினார். எலும்பின் நுனியில் வழுவழுவென்று வெள்ளையாக ஒரு பூச்சு. குருத்தெலும்பு. தீபாவளிக்கு நாம் கறியில் மென்று துப்புகிறோமே, அதேதான். அதற்குள் ஒரு இரத்தக் குழாய்கூடக் கிடையாதாம். அப்படியென்றால் அதற்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு நீர் இருக்கிறது. நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு நசுங்குகிறது, எடுக்கும்போது விரிந்து அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சைப் பிழிந்து விடுகிற மாதிரி. நடந்தால்தான் அதற்குச் சோறு.

நான் எழுந்து, மூன்று மாதம் பலகை கட்டி அசையாமல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பட்டினி போட்டதாக அர்த்தம்" என்றார். அது போதாதென்று தொடைச் சதையும் கரைந்துவிடும், மூட்டைத் தாங்க ஆளிருக்காது என்றார். வீக்கம் வடியும் வரை சில நாள் ஓய்வு போதுமாம். நான் உட்கார்ந்துவிட்டேன். மற்ற டிஸ்பென்சர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உங்கள் கால்தான் கண்ணில் நின்றது. உங்கள் காலைக் கெடுத்தது நான், அண்ணே.

உங்கள் ஊசியைப் பற்றியும் கேட்டேன். அந்த மருந்து மோசமானதல்ல. வீங்கிய மூட்டில் ஒரு தடவை போட்டு ஓய்வாக இருந்தால் நல்லதுதான். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பையே நலிய வைக்குமாம். அதைவிட, வலி என்பது காவல்காரன். நீங்கள் அவனுக்குச் சாராயம் வாங்கிக்கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுக் கானைத் தாண்டியிருக்கிறீர்கள். தேய்ந்தது இனித் திரும்ப வளராது. பொய் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் மிச்சம் இருப்பதற்குச் சோறு போடலாம், தொடையை மறுபடி வளர்க்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். காலையில் கஞ்சிக்குப் பிறகு ஆஸ்பிரின் போடுங்கள். அது வலியைக் கொஞ்சம் தணிக்கும், தூங்க வைக்காது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலை இருபது, மாலை இருபது. சுடுநீர் ஒத்தடம் கொடுத்து முழங்காலை முடிந்த மட்டும் மடக்கிப் பழகுங்கள். ஒரு மாதம் கழித்து வண்டி ரோட்டில் சமதரையில் நடை. நடந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் நல்லது, அடங்காவிட்டால் தூரத்தைக் குறையுங்கள். ஏற்றம் அதற்குப் பிறகு. இறக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. குறுக்குப் பாதை பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

தொரைக்கு என் தப்பை எழுதலாம் என்று நினைக்கிறேன். இன்னும் எழுதவில்லை.

உங்கள் தம்பி,
அழகையா


ஒத்தமரத் தோட்டம்,
வட்டகொடை.
11.2.1962

தம்பி அழகையாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பூரணிக்கு வாசித்தேன். அண்ணே என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "பலகைய கட்டுனவருதானே" என்றாள். அவளுக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. எனக்கு முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

நீங்கள் சொன்னதெல்லாம் நடக்கிறது. காலைத் தூக்கினால் பூரணிதான் பத்து எண்ணுவாள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள். நான் காலை நீட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டு இருப்பேன். கேட்டால், கால் கூட நேரம் நின்றால் பலம் என்று டாக்டரே எழுதியிருக்கிறாராம். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சின்னத்தம்பி, தபால்காரன் பறக்கப் பழகுகிறான் என்று லயம் முழுவதும் சொல்லிவிட்டார். சொல்லட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். தைப்பொங்கலன்று பால் பொங்கும்போது நான் அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். முழுசாக இல்லை, முக்கால் குந்தல். பூரணி பொங்கலை விட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

இனித்தான் கெட்ட செய்தி. தை நடுவில் கால் இலேசாக இருந்தது. வண்டி ரோட்டில் இரண்டு மைல் போய்வந்து நோவில்லை. எனக்குத் திமிர் வந்துவிட்டது. குறுக்குப் பாதையில் இறங்கிப் பார்த்தேன். மறுநாள் முழங்கால் பலாப்பழமாக வீங்கிவிட்டது. ஐந்து நாள் ஆகியும் வற்றவில்லை. மார்ச் மாதம் கண் முன்னால் நிற்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் லொறியில் ஏறி வட்டகொடைக்குப் போய், அந்த டாக்டரின் வாசலில் நின்றேன். ஒரே ஒரு ஊசி. அது மார்ச் பரீட்சை வரை தாங்கினால் போதும், பை கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கடைக்குப் போவதாகச் சொல்லி என்னோடு வந்த பூரணி பின்னாலேயே வந்து நின்றாள்.

"உள்ள போறதுன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா நாளையிலருந்து பத்து எண்ணுறதுக்கு என்னயக் கூப்புடாதீங்க" என்றாள்.

அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டேசன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஸ்டேசனில் உட்கார்ந்து அழுதேன் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நான்கு நாள் ஓய்வு, ஒத்தடம், உங்கள் ஆஸ்பிரின். இப்போது வீக்கம் வற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

தொரைக்கு எழுத வேண்டாம். உங்கள் வேலைக்கு நீங்களே உலை வைத்துக்கொள்ள வேண்டாம். என் காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
ஆண்டியப்பன்


வெள்ளைப்பாறைத் தோட்டம்,
உடப்புசல்லாவை.
10.3.1962

அண்ணே,

எழுத வேண்டாம் என்று நீங்கள் எழுதிய அன்றே நான் எழுதிவிட்டேன். உங்கள் தொரைக்கு ஒன்று, பெரிய டாக்டருக்கு ஒன்று. ஆண்டியப்பனுக்கு நான் பலகை கட்டி மூன்று மாதம் வைத்தது தப்பு, இனி நடக்க முடியாது என்று எழுதியதும் தப்பு, அந்தக் காலை நடக்க வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. என் மனைவி இந்திராதேவி பெட்டியைக் கட்டட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். கொஞ்சம் சிரிக்காமலும் கேட்கிறாள்.

அந்த வாசலிலிருந்து நீங்கள் திரும்பி வந்ததைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். பூரணியக்காவிடம் சொல்லுங்கள், அவர் எண்ணுகிற பத்துதான் சரியான பத்து.

இருபத்தெட்டாம் தேதிக்கு நான் சொல்வது: ஆறு மணிக்கே கிளம்புங்கள். கஞ்சி குடித்து இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வலது கையில் ஒரு கம்பு. வண்டி ரோட்டில்தான் போக வேண்டும், வர வேண்டும். போக நாலு மைல், வர நாலு மைல். குறுக்குப் பாதை ஒன்றரை மைல் மிச்சம் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். போஸ்ட் ஆபீசில் காத்திருக்கும் கால் மணி நேரத்தில் நிற்காதீர்கள். உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருங்கள். வலித்தால் நடையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை நான் யாருக்கும் மருந்து கலக்க மாட்டேன். கலந்தால் அளவு தப்பிவிடும்.

தம்பி,
அழகையா


17.4.1962

தம்பி அழகையாவுக்கு,

சித்திரை வருஷப்பிறப்பு வாழ்த்து. இருபத்தெட்டாம் தேதி நடந்ததை அன்றே எழுதியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை, அதன் காரணம் கடைசியில் வரும்.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். மூக்கன் பையை என் தோளில் மாட்டிவிட்டு, "அண்ணே, இதை நீங்களே வச்சுக்குங்க, எனக்கு இந்த எழுத்தைப் பாத்தாலே தலை சுத்துது" என்றான். மூன்றாம் மைலில் கால் நோவெடுத்தது. நடையைக் குறைத்தேன். போஸ்ட் ஆபீசில் தபாலைப் பிரிக்கும்போது அடுத்த வாசலைத் திரும்பிப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். போஸ்ட் மாஸ்டர், "கொகொமத ஆண்டியப்பன், மொகத கரன்னே?" என்று கேட்டார், எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று. என் முழங்காலுக்குச் சோறு போடுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

திரும்பி வரும்போது குறுக்குப் பாதை பிரிகிற இடத்தில் மணி பத்தாகிவிட்டது. அந்தப் பாதை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நான் வண்டி ரோட்டிலேயே வந்தேன். ஆபீஸ் மேட்டைத் திரும்பும்போது பொம்பளைகள் கொழுந்து நிறுக்கக் கூடையோடு நின்றார்கள். பூரணியும் அந்த வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். நான் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு எல்லாரும். கங்காணி ஏசப் பார்த்துவிட்டு அவரும் எண்ணினார். நூற்று நாற்பத்தாறில் ஆபீஸ் படி. உள்ளே கடிகாரம் பத்தே முக்கால்.

பெரிய டாக்டர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துக் காலை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தார். கையில் உங்கள் கடிதம் இருந்தது. தொரையிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். தொரை என்னிடம், "ஆண்டியப்பன், நாளைக்கி பை நீதான் எடுக்கிறது" என்றார். பிறகு உங்கள் கடிதத்தைத் தட்டிக் காட்டி, "இந்த மாதிரி எழுதுற ஆளை நான் ஏன் போக விட்டேன்?" என்று கிளாக்கரையாவிடம் கேட்டாராம். ஆகையால் இந்திராதேவி அம்மா பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. கட்டினாலும் ஒத்தமரத்துக்குத் திரும்பி வரக் கட்டட்டும். அந்தப் பெஞ்சில் உங்கள் பாதி சும்மாதான் கிடக்கிறது.

அன்றையிலிருந்து தினமும் பை என் தோளில்தான். இறங்கும்போது கொஞ்சம் நோகிறது. அந்தக் காவல்காரன் முழித்துக்கொண்டிருக்கிறான், நானும் அவன் சொல் கேட்டு நடக்கிறேன். கல்யாணக் கடிதம் கல்யாண வீட்டுக்கும் சாவுக் கடிதம் சாவு வீட்டுக்கும் போகிறது.

இந்தக் கடிதத்தில் தபால் முத்திரை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வருஷப்பிறப்பு லீவில் நானே கொண்டுவந்தேன். நானுஓயா வரை ரயில், பிறகு பஸ், பிறகு உங்கள் படி. இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தீர்கள். பூரணியும் நானும் எண்ணிக்கொண்டே ஏறினோம், இருநூற்றுப் பதினாலு வருகிறது. ஏறி முடித்து, உங்கள் டிஸ்பென்சரி மதிலோரம் ஒரு கல்லில் குந்தி உட்கார்ந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். முக்கால் குந்தல் இல்லை, முழுக் குந்தல். வரிசையில் முதலில் நிற்கும் அம்மாவிடம் கொடுத்து உள்ளே அனுப்புகிறேன்.

அன்றைக்கு நாற்பது பேர் முன்னால் உங்கள் மருந்து தண்ணீர் என்று கத்தினேன். அது பொய் என்று அதே மாதிரி சத்தம் போட்டுச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் வரிசையை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு பேர்தான் இருக்கிறார்கள். ஒன்பது பேர் குறைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மிக்சர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணன்,
தபால்காரன் ஆண்டியப்பன்